36 வோல்ட்டில் ஐந்தரை வோல்ட் எங்கே போனது? ஒரு பழைய கோல்ஃப் வண்டியின் சீரமைப்பு ஆய்வு

வண்டி கிளப் கார் நிறுவனத்தின் 1993 ஆம் ஆண்டு டிஎஸ் மாடல். ஆறு வோல்ட் பேட்டரி ஆறு சேர்ந்து 36 வோல்ட். வாங்கிய விலை 450 டாலர். மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்லித்தான் விற்றார்கள். பதினோரு வாரம் கழித்து அதே மோட்டார், ஒரு சுற்றுக் கம்பிகூட மாற்றாமல், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறியது. நடுவில் என்னென்ன நடந்தது, எதை முதலில் தப்பாக நினைத்தோம், எந்த அளவு எங்களைச் சரியான இடத்துக்குக் கூட்டிப்போனது என்பதையெல்லாம் எழுதி வைக்கிறேன். பழைய பேட்டரி வண்டி ஒன்றை வீட்டுக்காகச் சரிசெய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

ஏன் இந்த வண்டி

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்துப் பீச்ட்ரீ சிட்டியில். அட்லாண்டாவுக்குத் தென்மேற்கே ஐம்பது கிலோமீட்டர் தூரம். 1959 இல் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். கார் சாலைகளை விட்டு விலகி, பைன் மரங்களுக்கு நடுவே, வீடுகளின் பின்பக்கமாக 160 கிலோமீட்டருக்குத் தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் கோல்ஃப் வண்டிகளும் அதில் போகலாம். பெருஞ்சாலை குறுக்கிட்டால் அடியில் சுரங்கப்பாதை, இல்லையென்றால் மேலே பாலம். நகரில் பதிவு செய்த வண்டி மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். கடைக்கு, நூலகத்துக்கு, உயர்நிலைப் பள்ளிக்குக்கூட வண்டியில்தான் போகிறார்கள். கோல்ஃப் விளையாடுகிறவர்களைவிட விளையாடாதவர்களிடம்தான் இங்கே கோல்ஃப் வண்டி அதிகம் இருக்கிறது.

ஏப்ரல் முதல் வாரம் கோயம்புத்தூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள், ஆறு மாதம் தங்குவதற்கு. பைன் மகரந்தம் மஞ்சள் மாவு தூவியதுபோல் ஊரெல்லாம் படிந்திருந்த நேரம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். வீட்டிலிருந்து லேக் பீச்ட்ரீ ஏரிக்கரை இரண்டு கிலோமீட்டர். அவ்வளவு தூரம் நடக்க முடியாது. காரில் கூட்டிப்போகலாம்தான், ஆனால் நானும் மனைவியும் வேலை முடிந்து வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். பத்து நாள் போனது. "வாசல்ல உக்காந்தா ஒரு ஆள் அரவம் இல்ல கண்ணு. நம்மூர்ல இந்நேரம் நாலு பேரு பேசிட்டுப் போவாங்க" என்றார் அம்மா. அன்று இரவே பழைய வண்டி தேட ஆரம்பித்தேன்.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவையில் நாற்பது வருடம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். கிணற்று மோட்டார், மில் மோட்டார் என்று எது வந்தாலும் பார்ப்பார். பட்டறையை மூடி மூன்று வருடம் ஆகிறது. கையில் வேலை இல்லாத அப்பாவை நான் முதன்முதலாக இந்த ஊரில்தான் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சுலபமாக இல்லை.

வாங்கியபோது இருந்த நிலை

பக்கத்து ஊரான நியூனனில், ஒரு வீட்டின் பின்கொட்டகையில் மூன்று வருடம் நின்றிருந்த வண்டி. ஆக்சிலரேட்டர் மிதிக்கு மேலே சீரியல் எண் இருந்தது. A என்ற எழுத்துக்குப் பின் 9318. அந்த முதல் இரண்டு எண் ஆண்டு, அடுத்த இரண்டும் வாரம். 1993 ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரத்தில் அகஸ்டாவில் செய்தது. இந்த மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் அகஸ்டாதான் அமெரிக்கக் கோல்ஃப் வண்டிகளின் தாய்வீடு. ஈசிகோ என்ற வண்டி நிறுவனம் 1954 இல் அங்கேதான் தொடங்கியது, ஹூஸ்டனில் பிறந்த கிளப் காரும் பிறகு அங்கேயே குடிபோனது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அடிச்சட்டம். டிஎஸ் வண்டிக்கு அலுமினியச் சட்டம், அதனால் இரும்புபோல் துருப்பிடித்து உடைகிற பயம் இல்லை. ஆனாலும் பேட்டரி ஆசிட் அலுமினியத்தையும் தின்னும். பேட்டரித் தட்டுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தோம். வெள்ளைப் பொடி நிறைய பூத்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்த்த இடமெல்லாம் உலோகம் கெட்டியாகவே இருந்தது. அது போதும் என்று முடிவு செய்தோம். இருக்கை கிழிந்திருந்தது, டயர் நான்கும் வெடித்திருந்தன, பிரேக் மிதி பாதியில் நின்றது. இவையெல்லாம் காசும் நேரமும் செலவழித்தால் சரியாகிற விஷயம்.

ஆறு பேட்டரியும் சேர்ந்து 11 வோல்ட் காட்டியது. கூடவே கொடுத்த பழைய சார்ஜரை மாட்டினால் சத்தமே இல்லை. சார்ஜர் கெட்டுவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். இந்த வகைத் தானியங்கிச் சார்ஜருக்குள் ஒரு ரிலே இருக்கிறது; பேட்டரியில் ஓரளவு வோல்டேஜ் இருந்தால்தான் அது பிடிக்கும். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் நல்ல சார்ஜரும் பேசாமல்தான் இருக்கும். சார்ஜர் செத்துவிட்டது என்று புதிதாக வாங்கிவிடாதீர்கள்.

முதல் தப்பு

பழைய பேட்டரிகளை உயிர்ப்பிக்கலாம் என்று நான் ஆசைப்பட்டேன். அப்பா வேண்டாம் என்றார். தட்டுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்திருக்கும், மூன்று வருடம் கிடந்தது இனி வராது என்று சொன்னார். புதிதாக ஆறு வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்பதால், ஒன்றையாவது பார்த்துவிடலாம் என்று சிறிய 6 வோல்ட் சார்ஜரைத் தனியாக மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். மூன்று மணி நேரம் கழித்துக் கராஜ் கதவைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பேட்டரியின் பக்கவாட்டு உப்பியிருந்தது, கை வைக்க முடியாத சூடு. நான் கிளிப்பைப் பிடுங்கக் கை நீட்டினேன்.

"தொடாதே! சுவத்துல சுவிட்ச ஆஃப் பண்ணு!" அப்பா அப்படிக் கத்தி நான் சின்ன வயதுக்குப் பிறகு கேட்டதில்லை.

அவர் சொன்னதுதான் சரி. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். கிளிப்பைப் பிடுங்கும்போது வருகிற சின்னப் பொறி அதற்குப் போதும். முதலில் சுவரில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், கதவைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும், ஆறிய பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதுவும் நல்லதில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு இரண்டு மணி நேரம் கராஜைத் திறந்து வைத்தோம். மறுநாள் காலை ஆறு பேட்டரியையும் இறக்கினோம். ஒவ்வொன்றும் 28 கிலோ.

தட்டில் படிந்திருந்த ஆசிட் பூப்பை எடுக்க அம்மா சமையலறையிலிருந்து ஆப்ப சோடா டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீரில் கலந்து ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். நுரை நின்றால் ஆசிட் தீர்ந்தது என்று அர்த்தம். மூன்று முறை ஊற்ற வேண்டியிருந்தது.

மோட்டாரைப் பார்த்தது

புதுப் பேட்டரிக்குக் காசு போடுவதற்கு முன், மோட்டார் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். வீட்டுக் கார் இரண்டிலிருந்தும் நண்பர் காரிலிருந்தும் 12 வோல்ட் பேட்டரி மூன்றைக் கழற்றி வரிசையாக இணைத்தோம், 36 வோல்ட். பின் சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். அதற்கு முன் அப்பா தன் மோதிரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார், என் வாட்சையும் கழற்றச் சொன்னார், ஸ்பேனர்களின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றினார். 36 வோல்ட் பொதுவாக ஷாக் அடிக்காது. ஆனால் மோதிரமோ ஸ்பேனரோ இரண்டு முனைக்கு நடுவே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து அங்கேயே பற்றவைத்துவிடும். விரல் போய்விடும்.

மிதியை லேசாகத் தொட்டதும் சொலினாய்டு, அதாவது மோட்டாருக்குக் கரண்ட்டை இணைக்கும் காந்தச் சுவிட்ச், 'டக்' என்றது. சக்கரம் சுற்றியது.

"முழுசா மிதிக்காதே கண்ணு, இது சீரிஸ் மோட்டார்" என்றார் அப்பா. சீரிஸ் மோட்டாரில் நிலையாக நிற்கும் ஃபீல்டு சுருளும் சுழலும் ஆர்மேச்சர் சுருளும் ஒரே வரிசையில் இருக்கும். நின்ற நிலையிலிருந்து இழுக்க அதைப்போல் பலமான மோட்டார் இல்லை. 1895 இலிருந்து 1953 வரை சென்னையில் ஓடிய டிராம் வண்டிகளின் காலத்திலிருந்தே இழுவைக்கு இதைத்தான் நம்பினார்கள். ஆனால் சுமை இல்லாமல் முழு வோல்டேஜ் கொடுத்தால் வேகம் ஏறிக்கொண்டே போய் ஆர்மேச்சர் சிதறிவிடும். அதனால் இதைக் கழற்றித் தனியாகச் சோதிப்பவர்கள் 12 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கவே கூடாது.

மோட்டார் எரியவில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் அப்பா காதை அருகில் வைத்துக் கேட்டுவிட்டு, "பிரஷ் கரகரங்குது, கழட்டிப் பாத்துருவோம்" என்றார். அவசியம் இல்லை என்று நினைத்தேன், சொல்லவில்லை.

கழற்றி மேசையில் வைத்தோம். அந்த ஒரு சாயங்காலத்தை மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கம்யூட்டேட்டர், அதாவது ஆர்மேச்சரில் பிரஷ்கள் உரசும் செம்புப் பட்டை வளையம், செம்பு நிறமே தெரியாமல் கறுத்து, பிரஷ் ஓடிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. நான்கு கார்பன் பிரஷ்களில் இரண்டு விரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. அப்பா முதலில் மீட்டரை எடுத்து, கம்யூட்டேட்டரின் ஒவ்வொரு பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். எங்கும் தொடர்பு இல்லை. இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது. அப்புறம் நைசான உப்புத்தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, ஆர்மேச்சரைச் சுழற்றிக்கொண்டே தேய்த்தார். எமரித் தாளை எடுத்துக்கொடுத்தேன், தள்ளி வைத்தார். எமரித் துகள் மின்சாரத்தைக் கடத்தும், பட்டைகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டால் ஷார்ட் ஆகும். செம்பு மெல்ல வெளியே வந்தது. அடுத்து, உடைந்த ஹேக்ஸா பிளேடு துண்டு ஒன்றின் பக்கங்களைக் கல்லில் தீட்டி மெல்லிதாக்கி, பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை ஒவ்வொன்றாகக் கீறிக் கீழே இறக்கினார். மைக்கா செம்புக்குச் சமமாகவோ மேலாகவோ நின்றால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். ஒரு கோடு முடிந்ததும் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார், அடுத்ததற்குப் போவார். இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் மகள் பக்கத்தில் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசி நான்கு கோடுகளை அவளிடம் கொடுத்தார். "மெதுவா அம்மணி, செம்புல கீறாம. மைக்கா மட்டும்."

பிரஷ் நான்கும் புதிது போட்டோம், 40 டாலர். மோட்டார் செலவு அவ்வளவுதான்.

லெட் ஆசிட்டா, லித்தியமா

இந்த முடிவுக்கு ஒரு வாரம் ஆனது. லித்தியம் பேட்டரி எடை பாதிக்கும் குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆண்டுக்கணக்கில் வரும். ஆனால் விலை கூடுதல், அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும், உறைநிலைக்குக் கீழே குளிரும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. எங்கள் கராஜில் ஜனவரியில் சில இரவுகள் அந்த அளவுக்குக் குளிரும். லெட் ஆசிட்டுக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்க வேண்டும், அவ்வப்போது முனைகளைத் துடைக்க வேண்டும். பழைய சார்ஜர் அப்படியே உதவும். பழைய பேட்டரி ஆறையும் திருப்பிக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், நம்மூர் பேட்டரிக் கடையில் செய்வதுபோலத்தான்.

லெட் ஆசிட் வாங்கினோம், கழிவு போக 1,020 டாலர். பராமரிக்க நேரமில்லாத வீட்டுக்கு நான் லித்தியத்தைத்தான் சொல்வேன். தண்ணீர் வற்றவிட்ட லெட் ஆசிட் பேட்டரி இரண்டு வருடத்தில் குப்பைக்குப் போகும். எங்கள் வீட்டில் பராமரிக்க ஆசையோடு ஒரு ஆள் இருந்தார்.

ஐந்தரை வோல்ட்

இந்த ஆய்வின் முக்கியமான பகுதி இது.

புதுப் பேட்டரி மாட்டி, சார்ஜ் ஏற்றி, ஓய்வில் 38.1 வோல்ட். மோட்டாரும் சுத்தம். வண்டியைச் சமதளத்தில் ஓட்டினால் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வீட்டு முன் சரிவில் ஏறும்போது நடுவிலேயே மூச்சு வாங்கியது. இருக்கைக்கு அடியிலிருந்து லேசாகக் கருகல் வாடை. விற்றவர் மோட்டார் எரிந்ததாக நினைத்ததும் இந்த வாடையால்தான் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் புது மோட்டார், புதுக் கன்ட்ரோலர் என்று வாங்கிப் போடுகிறார்கள். நானும் இணையக் கடையில் ஒரு மோட்டாரைக் கூடையில் போட்டு வைத்திருந்தேன். "அளந்தியா? அளக்காம எதுக்கு வாங்கற?" என்று அப்பா கேட்டார்.

எப்படி அளந்தோம் என்பதைச் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் செய்யலாம். வண்டியைச் சரிவில் ஏற்றிக்கொண்டே, அதாவது மோட்டார் முழுச் சுமையில் இழுக்கும்போது, மீட்டரின் இரண்டு முனையையும் ஒரே கம்பியின் இரண்டு நுனியில் வைக்க வேண்டும். நல்ல கம்பியானால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். காட்டுகிற ஒவ்வொரு பத்தில் ஒரு வோல்ட்டும் அந்தக் கம்பியிலேயே சூடாக வீணாவது. சும்மா நிற்கும் வண்டியில் அளந்தால் எதுவும் தெரியாது. கரண்ட் ஓட வேண்டும். மகள் ஓட்ட, நான் பின்னாலிருந்து மீட்டரைப் பார்த்துச் சொல்ல, அப்பா கூடவே நடந்து நோட்டில் எழுதினார். கம்பியைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 150 ஆம்பியர் சுற்றி நின்றது.

பேட்டரிகளின் முனைகளில் தனித்தனியாக அளந்து கூட்டினால் 35.9 வோல்ட். மோட்டாரில் 30.4. நடுவில் ஐந்தரை வோல்ட் காணோம்.

மூன்றாவது, நான்காவது பேட்டரிகளை இணைத்த ஒரே கம்பியில் 1.1. மற்ற நான்கு இணைப்புக் கம்பிகளிலும் சேர்த்து 0.8. முன்னும் பின்னும் ஓட்டுகிற திசைமாற்றிச் சுவிட்சில் மட்டும் 1.6. சொலினாய்டில் 0.6. வேகக் கட்டுப்பாடான வி-கிளைடில் 0.7. மீதிப் பெரிய கம்பிகளில் 0.7. கூட்டினால் ஐந்தரை சரியாக வந்தது. அப்பா கணக்குப் போட்டார்: 5.5 வோல்ட், 150 ஆம்பியர், 825 வாட். "ஒரு எச்.பி.க்கு மேல கண்ணு. ஒரு எச்.பி. மோட்டார் ஓடற கரண்ட்ட சும்மா சூடாக்கிட்டு இருக்கோம்." கிணற்றுக்கு மோட்டார் கட்டிக்கொடுத்தே வாழ்ந்தவருக்கு அது நெஞ்சில் பட்டது.

வி-கிளைடு என்பது அந்தக் காலத்து கிளப் கார் வண்டிகளின் வேகக் கட்டுப்பாடு. மிதியை அழுத்த அழுத்த ஒரு கை பல செம்புப் புள்ளிகள் மேல் நகரும். ஒவ்வொரு புள்ளியும் ரெசிஸ்டர் சுருள்களில் ஒன்றை வெட்டிவிடும். நம் வீடுகளில் முன்பு இருந்த பெரிய சதுர ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? ஒன்றில் வைத்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், பெட்டி சூடாகும். அதே வேலைதான். அரை மிதியில் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தால் பேட்டரியின் சக்தி சுருள்களில் அனலாகப் போகும். முழு மிதியில் சுருள்கள் எல்லாம் விலகிவிடும். அதனால் இந்த வகை வண்டியை மேட்டில் பாதி மிதியில் ஏற்றக் கூடாது.

திசைமாற்றிச் சுவிட்சைக் கழற்றியபோது கருகல் வாடைக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. மோட்டாருக்குப் போகும் கரண்ட் முழுவதும் இந்தச் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. ஒரு போல்ட்டின் நட்டு லூசாகி, அடியில் இருந்த பிளாஸ்டிக் உருகி, செம்புத் தகடு நீலமும் ஊதாவுமாக வெந்திருந்தது. நட்டு லூசானதால் சூடு, சூட்டால் இன்னும் லூசு. பல வருடம் யாரும் ஒரு ஸ்பேனர் வைத்துப் பார்க்காததன் விளைவு அது. 1.1 வோல்ட் தின்ற கம்பியை வெட்டிப் பார்த்தோம். வெளியே ரப்பர் நன்றாக இருந்தது, உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன.

எல்லாக் கம்பியையும் தடிமனான 2 கேஜில் மாற்றினோம். இணையத்தில் வாங்கிய முதல் செட்டில் லக்குகள், அதாவது கம்பி நுனியில் மாட்டும் உலோக வளையங்கள், சரியாக அழுத்தப்படவில்லை, இழுத்தால் கழன்று வந்தன. திருப்பி அனுப்பிவிட்டு, கம்பியும் லக்கும் தனியாக வாங்கி நாமே கிரிம்ப் செய்தோம். சுவிட்ச், சொலினாய்டு புதிது. வி-கிளைடின் புள்ளிகளைத் தேய்த்து, ஓடும் கையை மட்டும் மாற்றினோம். ஒவ்வொரு முனையையும் வயர் பிரஷ் போட்டு மின்னவைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின். அதே சரிவு, அதே ஆட்கள், மறுபடி அளவு: மொத்த இழப்பு 1.3 வோல்ட். கீழிருந்து மேல்வரை வண்டி ஒரே இழுவையில் ஏறியது.

பிரேக், பெல்ட், இருக்கை

இந்த வண்டிக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் டிரம் பிரேக், கேபிளால் இழுப்பது. கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருந்தது. கேபிளும் பிரேக் ஷூவும் மாற்றினோம். ரெசிஸ்டர் வகை வண்டியில் இறக்கத்தில் மோட்டார் பிடித்து நிறுத்தாது, உருண்டுகொண்டே வேகம் கூடும். எங்கள் பாதைகளில் சுரங்கத்துக்கு இறங்கும் ஒவ்வொரு இடமும் அப்படித்தான். பின்னால் இரண்டு பேர் உட்காரும் இருக்கை சேர்ப்பதற்கு முன்பே பிரேக்கை முடித்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். சோதனைக்கு முப்பது கிலோ அரிசி மூட்டை, தண்ணீர்க் கேன்கள் எல்லாம் ஏற்றி இறக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம்.

கோல்ஃப் வண்டி மெதுவாகத்தானே போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. பக்கம் திறந்த வண்டி. சட்டென்று திரும்பினால் ஓரத்தில் உட்கார்ந்த குழந்தை வெளியே விழும். பின்னோக்கிப் பார்க்கும் இருக்கையில் இன்னும் ஆபத்து, புறப்படும்போதே முன்னால் சாய்ந்து விழலாம். நான்கு இடத்துக்கும் இடுப்பு பெல்ட் போட்டோம், பின்னிருக்கைக்குக் கைப்பிடிக் கம்பி. ஏழு வயது மகன் பெல்ட் போட்டதைப் பாட்டி பார்த்து "போலாம்" என்று சொன்னால்தான் வண்டி நகரும்.

இருக்கைகளை அம்மாவே தைத்தார். படகு இருக்கைக்குப் போடும் வினைல் துணி, அடர்த்தியான ஃபோம். பழைய உறையைப் பிரித்து, அதையே அளவுக்கு வைத்து வெட்டினார். தனக்கு ஏறச் சௌகரியமாக ஒரு சின்னப் படி வேண்டும் என்றார், அதையும் செய்தோம்.

டயர் நான்கு, முன் பின் விளக்குகள், பின் அச்சு எண்ணெய் மாற்றியது இவற்றில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.

செலவு மொத்தம், வண்டி விலையும் சேர்த்து, 2,525 டாலர். பேட்டரி 1,020. வண்டி 450. பின்னிருக்கை 300, டயர் 180. மீதி 575 இல் பிரேக்கும் விளக்கும் இருக்கை உறையும் போக, அந்த ஐந்தரை வோல்ட்டைத் திரும்பப் பெறுவதற்கு ஆனது வெறும் 210: கம்பிகள் 90, சுவிட்ச் 75, சொலினாய்டு 45.

ஓடியது

நகர அலுவலகத்தில் பதிவு செய்து எண் ஒட்டினோம். ஜூலை 4 சாயங்காலம், சுதந்திர தின வாணவேடிக்கை பார்க்க ஏரிக்கரைக்கு முதல் பயணம். நூற்றுக்கணக்கான வண்டிகள் புல்வெளியில் வரிசையாக நின்றன. அம்மா கொண்டுவந்த முறுக்கு பக்கத்து வண்டிக்குப் போனது, அங்கிருந்து தர்பூசணித் துண்டுகள் வந்தன. மொழி தெரியாமலே அம்மா அந்தப் பெண்மணியோடு ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வயது ஆன பிள்ளை, பெற்றோரோ தாத்தா பாட்டியோ முன் இருக்கையில் பக்கத்தில் இருந்தால் வண்டி ஓட்டலாம் என்பது இங்கே நகர விதி. அதனால் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் நான் வேலையிலிருந்து வரும் முன்பே மகள் ஓட்ட, தாத்தா பக்கத்தில், பாட்டியும் பேரனும் பின்னிருக்கையில் என்று போய்விடுவார்கள். நான் கேட்டதற்கு அம்மா சொன்னார்: "நீ வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?"

செப்டம்பர் கடைசியில் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். போவதற்கு முதல் நாள் அப்பா ஒரு நோட்டைக் கொடுத்தார். ஆறு பேட்டரி, பதினெட்டு செல். ஒவ்வொன்றுக்கும் ஹைட்ரோமீட்டரில் பார்த்த கிராவிட்டி (ஆசிட்டின் அடர்த்தி, சார்ஜ் எவ்வளவு என்று காட்டும்), தேதி போட்டு, அவர் கையெழுத்தில். தண்ணீர் ஊற்றும் முறையும் எழுதியிருந்தார்: தட்டு வெளியே தெரிந்தால் மட்டும் சார்ஜுக்கு முன் மூடும் அளவு, மற்றபடி சார்ஜ் முடிந்த பிறகே, பேட்டரித் தண்ணி தவிரக் குழாய்த் தண்ணீர் கூடாது.

நவம்பரில் மகள் அளந்தபோது பதினேழு செல் 1.270 க்கு மேல், பதினோராவது செல் மட்டும் 1.245. கோயம்புத்தூருக்கு வீடியோவில் காட்டினாள். "பயப்படாதே அம்மணி. சார்ஜ் முடிஞ்சதும் பிளக்கக் கழட்டி மறுபடி போடு. ஒரு சுத்து கூட ஏறட்டும். நாளைக்கு மறுபடி பாரு" என்றார். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் ஹைட்ரோமீட்டரோடு கராஜுக்கு ஓடினாள். 1.265. நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தாத்தாவுக்கு அனுப்பினாள்.